நிற்கிற காருக்கு ஒரு வலை

“வலை வேண்டாம்னா வேண்டாம், சம்பந்தி. எத்தனை தடவைதான்...”

“நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி...”

“...சொல்றது ஒரே விஷயத்தை?”

“...நின்னீங்கன்னா நான் அளவெடுத்துக்குவேன்.”

“அளவெடுக்க இதென்ன சட்டையா?”

“சட்டைதான்னு வெச்சுக்குங்க. ரெண்டு மூலையிலயும் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது பாருங்க. கல்லு, சருகு எல்லாம் நேரா உள்ள போகுது. ஒரு தடுப்பு வேணாமா?”

“வேணும். ரோட்டுல ஓடுற காருக்கு வேணும். இது எங்க ஓடிச்சு? சொல்லுங்க, எங்க ஓடிச்சு?”

சம்பந்தியின் கையிலிருந்த கம்பி வலைச் சுருள் தானாகப் பிரிந்து ஷெட்டின் தரையில் உருண்டது.

“ஓடவே இல்ல. ஷெட்டுலயே நின்னுட்டிருக்கு. அப்படித்தானே ரெண்டு வருஷமா போன்ல சொல்லிட்டிருக்கோம்? நிக்கிற காருக்கு எதுக்கு வலைன்னு உங்க பொண்ணு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? கொசு கடிக்குதுன்னா?”

“சிரிப்பு மூட்டாதீங்க சம்பந்தியம்மா. கை ஆடுது, அளவு தப்பிடும்.”

கார் எலுமிச்சை மஞ்சள். இரண்டே சீட்டு. எஞ்சின் பின்பக்கம் இருந்தாலும், அதைக் குளிர வைக்கிற ரேடியேட்டர்கள் முன்பக்கத்தில் மூலைக்கு ஒன்றாக, சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருந்தன. முன் பம்பரைக் கழற்றிப் பழைய போர்வையின் மேல் கிடத்தியிருந்ததால், பல்செட்டைக் கழற்றி வைத்த முகம் போல இருந்தது காருக்கு.

அது சம்பந்தியின் மகள் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவள்தான் சம்பந்தியம்மாவுக்கு மருமகள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது காரை மாமியார் வீட்டு ஷெட்டில் விட்டார்கள், சாவியை அப்பாவிடம் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும், வெளியே எடுக்கவே வேண்டாம் என்பது மகளின் உத்தரவு.

அதுவரை இரண்டு சம்பந்திகளும் கல்யாணத்தன்று பேசியதுதான். அதுவும் “சாப்டீங்களா”வோடு சரி. அவர் மனைவியை இழந்தவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து விற்றுவிட்டவர். இந்த அம்மா கணவரை இழந்தவர். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் இன்றைக்கும் தெருமுனை வரை கேட்கும்.

முதல் புதன்கிழமை அவர் உத்தரவுப்படியே செய்தார். ஸ்டார்ட் செய்தார், அணைத்தார், “வரேங்க” என்றார்.

“இவ்வளவுதானா?” என்றார் சம்பந்தியம்மா. “இதுக்கா இந்தச் சத்தம்?”

“நின்ன இடத்துலயே உறும விடுறது எஞ்சினுக்கும் அவ்வளவா நல்லதில்லையாம்.”

“அப்ப கேட் வரைக்கும் போயிட்டு வருவோம். கேட் நம்ம கேட்தானே. வெளியேன்னு ஆகாது.”

கேட் தெருமுனை ஆனது. தெருமுனை ஏரிக்கரைச் சாலை ஆனது. ஓட்டியது சம்பந்தியம்மாதான். சம்பந்தி பக்கத்துச் சீட்டில், கண்ணாடியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்பார்.

“ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் ரயிலேத்தி அனுப்பினேன், சம்பந்தி. நான் அந்த ரூமை விட்டு நகர்ந்ததில்ல. இப்பப் போய் மெதுவாங்கறீங்களே.”

அதற்குப் பிறகு “மெதுவா”வை அவர் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டார்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வருகிறார்கள். வந்ததும் கார் போய்விடும். கார் போனால் புதன்கிழமையும் போய்விடும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு வலை இருந்தது.

“முதல்ல உள்ள இருக்கிற குப்பையை எடுப்போம்” என்றார் சம்பந்தி. “மிச்ச சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.”

சம்பந்தியம்மா துடைப்பத்தோடு வந்தார்.

“ஐயோ, துடைப்பமா! ரேடியேட்டர் தகடெல்லாம் காகிதத்தை விட மெல்லிசுங்க. மடங்கிடுச்சுன்னா காத்தே போகாது. பல்லு பல்லா, சன்னமா ஏதாவது வேணும்.”

சம்பந்தியம்மா உள்ளே போனார். அலமாரியை உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பேன் சீப்பு.

“உங்க மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போறப்ப வாங்கினது. தலை நிறைய. கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லல.”

“நல்ல வேளை. சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.”

ஆளுக்கொரு மூலையில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். சம்பந்தியம்மா சீப்பால் வாரினார். சம்பந்தி தன் பழைய கடைப் பெட்டியிலிருந்து, கண்ணாடி பிரேமைத் திருத்துகிற சின்ன இடுக்கியை எடுத்து, மடங்கிய தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். சருகு கட்டுக்கட்டாக வந்து வாளியில் விழுந்தது.

“இது பாலத்துக்கு அந்தப்புறம் இருக்கே மஞ்சப்பூ மரம், அதோடது.”

“ஆமா. மழை வந்த அன்னிக்கு. வைப்பர் எங்க இருக்குன்னு தெரியாம நீங்க இண்டிகேட்டரைப் போட்டீங்க.”

“பின்னால வந்தவன் திரும்பப் போறேன்னு நெனச்சு நின்னுட்டான் பாவம். இதென்ன, இறகா?”

“புறா. அதுக்கு ஒண்ணும் ஆகல. நான் திரும்பிப் பார்த்தேன், பறந்துதான் போச்சு.”

“சரி, இந்த மிட்டாய்க் காகிதம்?”

“முன்னாடி போன எவனோ வீசியிருப்பான்.”

“உங்க சட்டைப் பையில இதே காகிதம் எட்டிப் பார்க்குது, சம்பந்தி.”

“...ஜன்னல் வழியாப் பறந்திருக்கும்.”

“பக்கத்து ஜன்னல்ல பறந்தது காருக்கு முன்னாடி எப்படிப் போகும்?”

“நீங்க ஓட்டின வேகத்துல அதை எட்டிப் பிடிச்சிருப்பீங்க.”

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் சீப்பு கைதவறி வாளிக்குள் விழுந்தது. வாளி நிறைய புதன்கிழமைகள். அதைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கப் போனவர், என்ன தோன்றியதோ, அப்படியே கொண்டுபோய் சுவரோரமாக வைத்தார்.

“சம்பந்தியம்மா. இங்க கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க.”

அவர் குரலில் விளையாட்டு இல்லை. சம்பந்தியம்மா டார்ச்சைப் பிடித்தார். வலது ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு கருங்கல் துண்டு குத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் தகடுகள் நசுங்கிக் கிடந்தன.

“நமக்கு முன்னாடி போச்சே, அந்த ஜல்லி லாரி” என்றார் சம்பந்தியம்மா.

“ம்.”

“கொஞ்சம் இடம் விட்டுப் போகச் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“நான் சிரிச்சேன்.”

அவர் இடுக்கியால் கல்லைப் பிடித்து, பல் பிடுங்குகிற மாதிரி அசைத்து அசைத்து எடுத்தார். கீழே விரலை ஓட்டினார். விரலைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். மறுபடி ஓட்டினார்.

“ஈரம் இல்ல. தப்பிச்சோம். இன்னும் ஒரு நூல் உள்ள போயிருந்தா குழாய் ஓட்டையாகி, தண்ணியெல்லாம் ஒழுகி, எஞ்சின் கொதிச்சிருக்கும். ஏரிக்கரையில நின்னிருப்போம்.”

“நின்னா என்ன? ஏரியைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்போம்.”

“நாம நிப்போம். என் பொண்ணு எங்க நிப்பா? அவ போறது நெடுஞ்சாலை. முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. தனியாப் போறவ.” கல்லைத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நாம மாட்டினா மாட்டிட்டுப் போறோம், சம்பந்தியம்மா. திட்டினாத் திட்டட்டும். வலை போடாம இதை அனுப்ப மாட்டேன்.”

“அந்தக் கல்லு எதுக்குப் பையில?”

“சாட்சி.”

“சாட்சியை ஒழிக்கத்தான் காலையிலேர்ந்து இங்க உட்கார்ந்திருக்கோம்!”

அவர் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா டார்ச்சை அணைத்தார். அந்த நசுங்கிய இடத்தில் தானும் ஒருமுறை விரலை ஓட்டினார். பிறகு கையை நீட்டினார்.

“அந்தத் தகரக் கத்திரியைக் குடுங்க. நீங்க வெட்டினா கோணலாப் போகும்.”

வலையைப் போர்வையின் மேல் விரித்தார்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்டினார். கம்பி முனை குத்தாமல் இருக்க ஓரத்தைச் சுற்றிலும் மடித்தார்கள்.

“ஓட்டை பெரிசா இருக்கே. இன்னும் நெருக்கமா, ஜன்னலுக்குப் போடுற கொசுவலை மாதிரி வாங்கியிருக்கலாமே?”

“கூடாது. நெருக்கமா இருந்தாக் காத்து போகாது, மேடு ஏறுறப்ப தண்ணி கொதிச்சிடும். பட்டாணி நுழையக் கூடாது, காத்து நுழையணும். அதுதான் அளவு.”

“அடேங்கப்பா. எங்க படிச்சீங்க?”

“கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

பெயிண்ட் டப்பாவின் மேல் வைத்திருந்த அவர் கைபேசி அப்போதுதான் அலறியது. வீடியோ அழைப்பு; திரையில் மகளின் முகம். அவசரமாக எடுத்தவர், காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார்.

“சொல்லும்மா.”

“எங்கப்பா இருக்கீங்க? பின்னாடி என்ன மஞ்சளா?”

“அது... சுவரு.”

“சுவத்துல எதுக்குப்பா சக்கரம்?”

சம்பந்தியம்மா கைபேசியை வாங்கினார். ரயில் தாமதமாகிற நாட்களில் பேசுகிற குரலை எடுத்தார். “வணக்கம்மா. அப்பா வண்டியைத் துடைச்சுக் குடுக்க வந்தாரு. நின்ன வண்டிதானே, தூசி. வேற ஒண்ணும் இல்ல.”

“சரிங்க அத்தை. வலை கிடைச்சுதா அவருக்கு?”

சம்பந்தி போர்வையின் மேல் கிடந்த வலையைப் பார்த்தார்.

“எந்த வலைம்மா?” என்றது அறிவிப்புக் குரல், கொஞ்சம் கீழே இறங்கி.

“ரேடியேட்டருக்கு முன்னாடி போடுற வலைதான். போன மாசம் போன்ல கேட்டாரே, எந்த அளவு ஓட்டை வேணும், காத்து போகுமான்னு. பட்டாணி அளவுன்னு சொன்னேன். நிக்கிற காருக்கு எதுக்குப்பா வலைன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. புதன்கிழமை ராத்திரி பேசினா மட்டும் குரல் அப்படித் துள்ளுது அவருக்கு. ஏன் கெடுக்கணும்? ஒண்ணு மட்டும் சொல்லுங்க அத்தை. ஓட்டுறது யாரு?”

“நான்தான்” என்றார் சம்பந்தியம்மா. குரல் இப்போது வெறும் வீட்டுக் குரல்.

“அப்பாடா. அவர்னா கிளட்ச் போயிருக்கும். சரிங்க அத்தை, பேக் பண்ணணும். ஞாயித்துக்கிழமை வந்ததும் எடுத்துட்டுப் போயிடறோம். ரெண்டு பேருக்கும் இத்தனை நாளாத் தொல்லை. இனிமே நிம்மதியா இருக்கலாம்.”

திரை அணைந்தது. சம்பந்தியம்மா கைபேசியைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அவகிட்டயேவா கேட்டீங்க?”

“காரைப் பத்தி வேற யாருக்குத் தெரியும்?”

“திருடப் போற வீட்டுக்காரன்கிட்டயே போய் ஏணி கேட்டிருக்கீங்க! நான் இங்க பேன் சீப்பை வெச்சுக்கிட்டு...”

“எனக்கு அப்பத் தோணல. கல்லு அடிச்சா என்ன ஆகும்னு மட்டும்தான் தோணிச்சு.”

“யாருக்கு என்ன ஆகும்னு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. மறைக்க வேண்டியது எதுவும் இல்லாததால், வலைக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்தது கூட அழகுக்காக என்று ஆனது. அது காய்ந்ததும், மூலைக்கு ஒன்றாக உள்ளே பொருத்தி, பிளாஸ்டிக் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். பம்பரை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.

“உங்க பக்கம் இறங்குது.”

“உங்க பக்கம் ஏறுது.”

“ரெண்டும் ஒண்ணுதான் சம்பந்தியம்மா, புடிங்க.”

திருகுகளை அவர் முடுக்கினார். பல்செட் ஏறியதும் காருக்கு முகம் வந்தது. சம்பந்தியம்மா குனிந்து வலது மூலையில் விரலால் குத்திப் பார்த்தார். வலை அசையவில்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “அவ எந்த லாரிக்குப் பின்னால வேணும்னாலும் போகட்டும்.”

“ம்.”

சம்பந்தி தன் சின்னப் பெட்டியில் இடுக்கியை வைத்தார், திருப்புளியை வைத்தார், மறுபடி வெளியே எடுத்துத் துடைத்து வைத்தார். சாவியைப் பையிலிருந்து எடுத்து, கல்லைத் தனியே பிரித்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, சாவியை மட்டும் காரின் மேல் வைத்தார். “இது இனிமே இங்கயே இருக்கட்டும். அவங்க வந்தா எடுத்துக்கட்டும்” என்றார். “அப்ப நான்...”

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தியம்மா அவரைப் பார்க்கவில்லை. ஷெட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு, கேட்டையும் அதற்கு அப்பால் தெருவையும் பார்த்தபடி, முன்பு மைக்குக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி விறைப்பாக நின்றார்.

“புதன்கிழமை தோறும் ஏரிக்கரை வரை செல்லும் மஞ்சள் வண்டி, வரும் வாரம் முதல் ரத்து செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாக...”

நின்றுவிட்டது. எத்தனையோ வருஷம் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்த குரல். இதை யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. சம்பந்தி பெட்டியின் மூடியைப் பாதியில் பிடித்தபடி காத்திருந்தார். சம்பந்தியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக் குரலில், தெருவைப் பார்த்தே சொன்னார்:

“ஏரிக்குப் பஸ்ஸும் போகுது, சம்பந்தி. அதுலயும் சீட்டு ரெண்டு ரெண்டாத்தான் இருக்கு.”