பிடரிக்குள் சில வெள்ளை நூல்கள்

எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவதால் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பட்டப்பெயர். செய்முறைத் தேர்வன்று அந்தப் பெயருக்கு வேலை வந்தது.

மேசையில் குப்புறக் கிடந்த உடலின் பிடரியை அடுக்கடுக்காகத் திறந்து, மண்டையோட்டுக்கு அடியில் இருக்கும் அந்தத் துளியூண்டு தசைக்கு வந்திருந்தாள். முதல் கழுத்தெலும்பையும் மண்டையையும் இணைக்கும் தசை. தலையைப் பின்னால் சாய்ப்பதுதான் அதன் வேலை என்று எல்லோரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதன் அடியில் வெள்ளை நூல்கள் சில ஓடும். தசை பளிச்சென்று தெரிவதற்காக அவற்றைக் குப்பையென்று வழித்தெறிவதுதான் அங்கே வழக்கம். அவள் வழிக்கவில்லை.

"என்னம்மா, அரைகுறையா விட்டுட்ட? சுத்தம் பண்ணு," என்றார் பேராசிரியர்.

"அது குப்பை இல்ல சார். பாருங்க."

இடுக்கியால் தசையை மெல்ல இழுத்தாள். எலும்புகளின் இடைவெளி வழியே உள்ளே போன நூல்கள் விறைத்தன. தண்டுவடத்தைப் போர்த்தியிருந்த உறை அசைந்தது. வலி உணரும் உறை அது.

அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. தையல் மெஷின்முன் குனிந்தே கிடக்கும் அம்மா, வருஷக்கணக்காகப் பிடரியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் வீட்டில் அந்த வலிக்கு நடிப்பு என்று பெயர்.

"புத்தகத்துல இருக்கா இது?"

"உடம்புல இருக்கு சார்."

"வாதாடாத. வழிச்சு எடுத்தா பாஸ். இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு வா."

கத்தியைக் கீழே வைத்தாள். "வர்றேன் சார். அப்பவும் வழிக்க மாட்டேன்."

வீட்டுக்குள் நுழையும்போதே, மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் ஒரு கை பிடரியில் இருந்தது. "ஆரம்பிச்சாச்சா நாடகம்?" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்பா, நான் ஃபெயில்."

செய்தித்தாள் இறங்கியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அம்மாவுக்கு இதனாலதான் வலிக்குதுன்னு நான் சொல்லல. அது எனக்கு இன்னும் தெரியாது. ஆனா அங்க வலிக்க இடம் இருக்குப்பா, என் கண்ணால பாத்தேன். அதைக் குப்பைன்னு ஒத்துக்காமத்தான் ஃபெயிலாயிட்டு வந்திருக்கேன். இனிமே இந்த வீட்ல யாரும் நடிப்புன்னு சொல்லக் கூடாது."

அப்பா செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். மெஷின் நின்றது. இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகிய அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"வலிக்குதுடி. உயிர் போகுது!"