இரண்டாவது ஆல்பத்துக்கு ஐந்தாவது இடம்

அண்ணன் நீட்டிய தாளில் இரண்டாவது ஆல்பம் ஐந்தாவது இடத்தில் இருந்தது. மொத்தமே ஐந்து ஆல்பம்தான். பட்டியலைக் கீழிருந்து மேலாக எழுதிவிட்டானோ என்று இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை. ஒன்று என்று எழுதி வட்டம் போட்ட இடத்தில் நான்காவது ஆல்பம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அந்த நான்காவதை வாங்கி வந்த அன்று பாதியிலேயே நிறுத்திவிட்டு, "இவனுங்க வீட்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டவன் இதே அண்ணன்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரு கிளாம் மெட்டல் இசைக்குழு. இரைச்சலான கிட்டார், இடுப்பைத் தொடும் தலைமுடி, கண்ணில் மை, உதட்டில் சாயம், மூச்சுவிட இடமில்லாத கால்சட்டை. முதல் ஆல்பத்தின் அட்டையைப் பார்த்த அப்பா, "இந்த சவுரிக் கோஷ்டிக்கு வேற வேலைவெட்டி இல்லையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர்களுக்கு அதுவே பெயர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அண்ணனுக்குப் பதினேழு. மற்ற வீடுகளில் அண்ணன் தங்கைக்கு எதற்கெல்லாமோ சண்டை வரும். எங்களுக்குச் சவுரிக் கோஷ்டியின் எந்த ஆல்பம் உசத்தி என்பதில் வந்தது, முப்பத்தைந்து வருடமாக ஓயவில்லை.

முதல் ஆல்பம் பத்தே நாளில் அவசரமாகப் பதிவு செய்தது. தாளம் அங்கங்கே தடுமாறும், ஆனால் பசியோடு வாசித்திருப்பார்கள். மூன்றாவதில் கீபோர்டு புகுந்துவிட்டது, கூடவே மூன்று காதல் பாட்டுகள். மூன்றும் ஒரே பாட்டுதான் என்பது என் கட்சி, இல்லை என்பது அண்ணன் கட்சி. நான்காவது வரும்போது காலம் மாறி இந்த மாதிரி சங்கீதத்தை எல்லோரும் கேலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அவர்களும் சாயத்தைக் கழுவி, முடியை வெட்டி, கிட்டாரின் சுருதியை இறக்கி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். ஐந்தாவது, பன்னிரண்டு வருடம் கழித்துத் தொப்பையோடு மறுபடி ஒன்றுசேர்ந்து செய்தது. பாவம், நல்ல மனதோடுதான் செய்தார்கள். முதலா மூன்றாவதா, மூன்றாவதா ஐந்தாவதா என்றெல்லாம் நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்திருக்கிறோம். ஆனால் இரண்டாவதுக்குத்தான் முதலிடம், நான்காவதுக்குத்தான் கடைசி இடம் என்பதில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. இரண்டாவதில் எல்லாமே பளபளக்கும். டிரம்மோடு இருக்கும் வெண்கலத் தகடான சிம்பலைத் தட்டினால் கண்ணாடி டம்ளர் உடைந்து தரையெங்கும் தெறித்த மாதிரி இருக்கும். பாடகன் மூச்சை இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கும்.

ரசிகர்கள் நடத்தும் ஒரு இணையதளத்தில் ஐந்து ஆல்பங்களையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி அண்ணனைக் கேட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் வர வேண்டும் என்று அவன்தான் சொன்னான். எழுதுவது அவன், சரிபார்ப்பது நான். அந்தச் சந்தோஷத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். போனால் இந்தத் தாள்.

"என்னண்ணா இது, விளையாடறியா?"

"நீயே கேட்டுப் பாரு. புதுசா மெருகேத்தி விட்டிருக்கோம்னு சொல்லி ரெண்டாவதைக் கொன்னுட்டானுங்க. கம்பளியைப் போட்டு மூடின மாதிரி இருக்கு. அப்புறம் பழைய டிஸ்க்கையும் போட்டுப் பாத்தேன். அதுவும் அப்படித்தான் இருக்கு. நாமதான் சின்ன வயசுல ஏமாந்திருக்கோம்."

கடையில் இரண்டு முறை சண்டை போட்டு டிஸ்க்கை மாற்றியிருந்தான். ஸ்பீக்கரை மாற்றியிருந்தான். வயர்களை மாற்றியிருந்தான். இப்போது தன் இளமையையே மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னேன்.

அந்தப் பாட்டு தொடங்கும்போது வேறு எதுவும் இருக்காது. டிரம்மர் குச்சி நுனியால் ஹை-ஹாட் என்னும் ஜோடிச் சிம்பலில் மெல்ல எட்டுத் தட்டு தட்டுவான். பிறகுதான் கிட்டார் இறங்கும். எட்டுத் தட்டும் சுத்தமாக விழுந்தன. அண்ணன் விரலை உயர்த்தியபடி காத்திருந்தான். கிட்டார் வந்ததும் விரலை என் பக்கம் நீட்டினான்.

"பாத்தியா? அந்த எட்டுத் தட்டையே வெட்டி எறிஞ்சுட்டானுங்க."

பத்தொன்பது வருடமாகக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் நான் பார்க்கும் வேலை, வருகிறவர்களின் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து வரைபடம் போட்டுக் கொடுப்பது. கையில் இருந்த தாளை மறுபடி பார்த்தேன். மேலே நான்காவது, அடர்த்தியும் கனமுமாக, தாழ்ந்த சுருதிச் சத்தங்களே நிறைந்தது. அதற்கடுத்து முதலாவது. அப்புறம் ஐந்தாவது, கீபோர்டு மினுக்கும் மூன்றாவது, கடைசியில் உயர்ந்த சுருதிச் சத்தங்களாலேயே இழைத்த இரண்டாவது. இது ரசனைப் பட்டியல் இல்லை. சுருதி உயர உயரக் காது தவறவிடுவதைக் காட்டி நான் தினமும் போடுகிற வரைபடத்தைத்தான் அண்ணன் ஆல்பம் ஆல்பமாக எழுதிக் கொடுத்திருந்தான்.

டப்பா மூடிகள் அடிக்கும் தொழிற்சாலையில் அவனுக்கு இருபத்தாறு வருடம். காதைப் பிளக்கும் சத்தத்தோடு தகரத்தை அடிக்கும் நான்கு பிரஸ் மிஷின்களுக்கு அவன்தான் பொறுப்பு. கம்பெனி கொடுத்த காதடைப்பான்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவன் பை முழுக்கக் கிடக்கும். மிஷின் தப்பாக அடித்தால் சத்தத்தில்தான் முதலில் தெரியும், காதை அடைத்துக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது என்பான். அதைக் கேட்டு நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். ஊர்க் காதையெல்லாம் பார்க்கிறவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் காது தெரியவில்லை. என்னை என்ன சொல்வது.

"அந்த எட்டுத் தட்டு இருக்குண்ணா. எனக்குக் கேட்டுச்சு."

அவன் பாட்டை முதலிலிருந்து வைத்து, சத்தத்தைக் கூட்டினான். எட்டுத் தட்டும் அறையில் சுளீர் சுளீரென்று விழுந்தன. அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கிட்டார் வந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்று, "என்னங்க, சத்தத்தைக் குறைங்க," என்றாள். அவன் திரும்பவில்லை. அண்ணி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பாத்தேல்ல? நான் பேசினா மட்டும் காதுல விழாது. ரெண்டு வருஷமா செவுத்தோடதான் குடும்பம் நடத்தறேன். கேட்டா நான் முணுமுணுக்கறேனாம்."

"அண்ணி, அண்ணனுக்கு நெஜமாவே கேக்கல."

"அதெல்லாம் நல்லா கேக்கும். போன வாரம் மாடியில தண்ணி மோட்டார் சத்தம் மாறுதுன்னு கீழ உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சாரு. மோட்டாருக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல. நீயும் உங்க அண்ணனுக்கே பரிஞ்சு பேசு."

மோட்டார் தாழ்ந்த சத்தம், உங்கள் குரல் உயர்ந்தது, அவனுக்குப் போயிருப்பது உயர்ந்த சத்தங்கள்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். அண்ணி பாத்திரத்தைக் கவிழ்த்த வேகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் கோபத்தை இரண்டு நிமிடத்தில் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்.

அடுத்த மூன்று வாரம் நான் படாத பாடு பட்டேன். ஒரு சோதனைக்கு வா என்றேன். நேரமில்லை என்றான். வீட்டுக்கே மிஷினைக் கொண்டு வருகிறேன் என்றேன். உன் ஆஸ்பத்திரி வேலையெல்லாம் ஆஸ்பத்திரியோடு வைத்துக்கொள் என்றான். இப்போதாவது காதை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தால் மிச்சமிருப்பது தங்கும், இல்லையென்றால் அதுவும் போகும் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு நான்காவது ஆல்பத்தின் பெருமைகளைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. அடிச்சுருதியில் முழங்கும் பேஸ் கிட்டாரின் நேர்மை என்று ஒரு வரி. நேர்மையாம். படித்துவிட்டு போனைக் கட்டிலில் வீசினேன். கோபமா அழுகையா என்று எனக்கே புரியவில்லை. சண்டை போடுவதற்கு எனக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவன். இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் இத்தனை காலமும் சண்டை போட்டோம். இப்போது அவன் கேட்பது வேறு பாட்டு, நான் கேட்பது வேறு பாட்டு.

கடைசியில் ஒரு நாள் தொழிற்சாலை வாசலுக்கே போய் நின்றுவிட்டேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டான். ஓடிப்போய் மறித்தேன்.

"என்னதான்ணா பயம் உனக்கு?"

நான் கேட்டது முதல் தடவை அவனுக்கு விழவில்லை. என் வாயையே பார்த்தான். மறுபடி சத்தமாகக் கேட்டேன்.

"அடுத்த மாசம் கம்பெனியில மெடிக்கல் இருக்கு," என்றான். "காது சரியில்லைன்னு தெரிஞ்சா பிரஸ்ல இருந்து தூக்கி பேக்கிங்ல போட்டுருவாங்க. இருபத்தாறு வருஷம் மிஷினோட இருந்துட்டு அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்றியா?"

"நான் போடற பேப்பர் உன் கம்பெனிக்குப் போகாது. அது உனக்கு. நீ தெரிஞ்சுக்கறதுக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா வந்து காட்டு."

அவன் குனிந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த தகரத் தூளைத் தட்டினான். நிமிர்ந்தபோது பழைய போக்கிரிச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"வர்றேன். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா பட்டியல் நான் போட்ட மாதிரியே போகும். உன் பேரையும் போட்டு. அப்புறம் காது கீதுன்னு வாயைத் திறக்கக் கூடாது."

நான்காவது ஆல்பம் முதலிடம், கீழே என் பெயர். தலை காட்ட முடியாது. ஆனாலும் சரி என்றேன். தோற்கிற பந்தயம் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தான். தலை வாரி, சட்டையை மடித்து விட்டு, பெண் பார்க்க வந்தவன் போல இருந்தான். சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்தேன். நடுவில் கண்ணாடி. என் கை தெரியாதபடி நாற்காலி பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஹெட்போனை மாட்டிவிட்டுப் பட்டனைக் கையில் கொடுத்தேன்.

"எவ்வளவு சன்னமா இருந்தாலும் பரவாயில்ல, கேட்ட உடனே அமுக்கு. கேக்கலைன்னா சும்மா இரு. தப்புன்னு ஒண்ணும் இல்ல."

"ரெண்டாவது ஆல்பத்தைப் போடேன்," என்றான்.

கதவைச் சாத்திவிட்டு என் இடத்துக்கு வந்தேன். நான் ஒலியை அனுப்ப வேண்டும். அவன் பட்டனை அமுக்கினால் என் மேஜையில் ஒரு சின்ன விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்று: சீரான இடைவெளியில் ஒலியை அனுப்பாதே, எண்ணிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு என் கை எனக்குச் சொந்தமாக இல்லை. மனதுக்குள் கேட்கட்டும், கேட்கட்டும் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஓட்டத்திலேயே கையும் ஒரே சீராகப் போயிருக்கிறது.

தாழ்ந்த சத்தங்களுக்கு விளக்கு உடனுக்குடன் எரிந்தது. நடுவில் உள்ளவற்றுக்கும் எரிந்தது. நான் பயந்துகொண்டிருந்த உயர்ந்த சுருதிக்கு வந்தேன். பிரஸ் மிஷினில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் விழுகிற பள்ளம் அங்கேதான். சுமாரான சத்த அளவில் வைத்து அனுப்பினேன். விளக்கு எரிந்தது. கொஞ்சம் குறைத்தேன். எரிந்தது. என் கண் நிறைந்துவிட்டது. பத்தொன்பது வருட அனுபவம் பொய்யாகப் போகட்டும், நான்காவதுக்கே முதலிடம் கொடுத்துத் தொலைக்கிறேன், என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இன்னும் குறைத்தேன். எரிந்தது. இன்னும். எரிந்தது.

அதற்குக் கீழே எனக்கே கேட்காது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதிர்ச்சுவரில் கடிகாரத்தின் நொடி முள் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதுவரை நான் ஒலியை அனுப்பிவந்த அதே இடைவெளியில் விளக்கு எரிந்து அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கண்களை மூடியிருந்தான். புருவம் நெரிந்திருந்தது. எங்கோ தூரத்தில் எதையோ உன்னிப்பாகக் கேட்கிறவன் முகம் அது. நான் எதையும் அனுப்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விளக்கு எரிந்தது.