உயர்த்திக் கட்டிய புகைபோக்கி

துரைராசு தன் அரிசி ஆலையின் புகைபோக்கியை இன்னொரு பனை உயரம் தூக்கிக் கட்டியதில் திருப்பனந்தாளுக்கே சந்தோஷம். காயப்போட்ட துணியில் கரி விழுகிறது என்று வாசலில் வந்து சத்தம் போட்ட பெண்களெல்லாம் அதற்குப் பிறகு வாய் நிறைய அண்ணன் என்றார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உமியை லாரி லாரியாக வெளியே விற்றுவிட்டு, நெல் அவிக்க மலிவான நிலக்கரியை எரிக்கிறோமே என்று முன்பு கொஞ்சம் உறுத்தும். அதுவும் போயிற்று. புகைதான் ஊர் தலையில் விழாமல் மேலே போய்விடுகிறதே, அப்புறம் என்ன?

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறு வாரம் மகள் வானதி வந்தாள். திருவிடைமருதூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் எப்போது வந்தாலும் மாமனார் ஒரு கவுளி வெற்றிலை கொடுத்தனுப்புவார். அதை வாங்கித் தட்டில் வைத்த பிறகுதான் துரைராசு மகளையே நலம் விசாரிப்பார். இந்தத் தடவை வெற்றிலை முழுக்க வெளுத்த புள்ளி, அம்மை போட்ட முகம்போல.

"என்ன நோவும்மா இது?"

"நோவுன்னுதான் மருந்தடிச்சுப் பாத்தாங்க. அப்புறம் மழைத்தண்ணியப் பிடிச்சு சோதிக்கக் கொடுத்தோம்பா. அமிலமாம். கரியில இருக்குற கந்தகம் புகையாப் போயி, மேகத்துல கலந்து, மழையோட எறங்குதாம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "வாடைக்காத்து நம்ம ஆலையிலேருந்து நேரா எங்க ஊருக்குத்தான்பா வருது."

துரைராசுவுக்குச் சுருக்கென்றது. அக்கம்பக்கத்துத் துணிக்குப் பயந்து தூக்கிக் கட்டியது, பெற்ற பெண்ணின் சோற்றில் மண்ணாக விழுந்திருக்கிறது.

"ஒன் மாமனாருக்குத் தெரியுமா?"

"யாருன்னு தெரியாமலே திட்டிக்கிட்டிருக்காரு. அடுத்த மழையிலயும் இப்படின்னா கொடிக்கால அழிச்சிடுறேங்கிறாரு. நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?"

துரைராசுவிடம் ஆயிரம் குறை இருக்கலாம், ஒளிந்துகொள்கிற புத்தி கிடையாது. விடுவிடுவென்று ஆலைக்குப் போனார். உமி ஏற்றிய லாரி தார்ப்பாய் கட்டிப் புறப்பட நின்றது.

"சிங்காரவேலு, லாரிய உள்ள திருப்பு. உமிய எறக்கு. இனிமே பாய்லருக்கு இதுதான்."

பாய்லர் பார்க்கும் சிங்காரவேலு தலையைச் சொறிந்தார். "கரி மலையாட்டம் குவிஞ்சு கெடக்குங்களே."

"கெடக்கட்டும்."

வீட்டுக்குத் திரும்பியவர் தட்டிலிருந்து அதிகம் புள்ளி விழுந்த வெற்றிலையாகப் பார்த்து எடுத்தார். சுண்ணாம்பு தடவி வாயில் போட்டார். காரம் மட்டும் குறையவில்லை. வானதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சம்பந்தி, துரைராசு பேசுறேன்" என்று போனில் தொடங்கினார். ஆலை வாசலில் உமி சரசரவென்று சரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. உயரத்தில், மிச்சமிருந்த கரிப்புகை சம்பந்தியின் ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.