தேவ் நாராயண் வீட்டுக் கியோஹோ

நியூ லின் புறநகரில் பிளம்பர் தேவ் நாராயணின் கொல்லையில் காய்க்கும் கியோஹோ திராட்சையைத் தின்றவர்களை எதுவும் பிடித்துவைக்க முடியாது. ஒரு பழம் தின்றால் அரைமணி நேரம், ஒரு குலை தின்றால் ஒரு பகல். கியோஹோ என்பது ஜப்பான்காரர்கள் இரண்டு வகையைக் கலந்து உண்டாக்கிய இனம். பெரிய நெல்லிக்காய்ப் பருமன், கிட்டத்தட்ட கறுப்பு நிறம். லேசாக அழுத்தினால் போதும், சதை தோலைவிட்டு வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வந்துவிடும். ஜப்பானில் அதைத் தோலுரித்துக் குளிரவைத்து விருந்தின் முடிவில் பரிமாறுவார்கள், சாறு பிழிவார்கள், மதுவில் கலந்தும் குடிப்பார்கள். அங்கெல்லாம் அது வெறும் பழம்தான். நியூ லின் மண்ணுக்கு என்ன வந்ததோ, இங்கே தின்றவர்களும் சேர்ந்து வழுக்க ஆரம்பித்தார்கள்.

பிப்ரவரி பிறந்தால் அந்த வீட்டு வாசலில் ஆள் நிற்கும். காலையில் விரி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொன்று வாயில் போட்டுக்கொள்வார்கள். மோட்டார்வேயில் ஊரே நின்றாலும் அவர்கள் வண்டி மட்டும் நழுவி நழுவிப் போய்விடும். தொண்டையில் மீன்முள் மாட்டியவர்கள், பழைய கோட்டுக்குள் நுழைந்துவிட்டு வெளியே வர முடியாதவர்கள், போனில் பிடித்தால் விடாத ஆளிடம் மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் வருவார்கள். தேவ் நாராயண் ஃபிஜியில் பிறந்தவர், தமிழ் நாலு வார்த்தைதான் வரும், அதில் ஒன்று "எடுத்துக்கோ". அவர் மனைவி சுப்பம்மா தோலைக்கூட வீணாக்காமல் மிளகாயும் கடுகும் சேர்த்து ஊறுகாய் போட்டுவிடுவார். அந்த ஊறுகாயை நக்கிய பிள்ளைகளைப் பிடித்துக் குளிக்கவைப்பதற்குள் பெற்றவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவன் திருமாறன். ஈப்போக்காரன், ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை. அவன் தொண்டையில் ஆறு வருஷமாக ஒரு பேச்சு சிக்கிக்கொண்டிருந்தது. அதே ஆபீஸில் வேலை பார்த்த கிள்ளான்காரி ஷாரோனிடம் சொல்லவேண்டிய பேச்சு. அவன் வீட்டில் முருகன், அவள் வீட்டில் இயேசு. அது யாருக்கும் தடையாக இல்லை, இந்தப் புண்ணியவான் வாய்தான் தடை. மடையன் என்று சொல்லத் தோன்றும். சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. 2024 மார்ச்சில் பிரிஸ்பேனில் வேலை கிடைத்து ஷாரோன் கிளம்பினாள். இனி திரும்பி வரும் உத்தேசம் இல்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குத் திருமாறன் சுப்பம்மாவிடம் ஒரு குலை அடங்கிய பெட்டி திராட்சை வாங்கி, அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டான். கணக்கில் பிசகிவிட்டது. ரயில் நகர்ந்ததுமே பேச்சு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "போகாத. நீ இல்லாம எனக்கு இந்த ஊரே வேணாம்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துச் சிவலிங்கம் திடுக்கிட்டுப் பேப்பரை மடித்தார். "தம்பி, நான் நியூமார்க்கெட்டில இறங்கத்தானே வேணும். நாளைக்கும் இதே ட்ரெயினிலதான் வருவன், யோசியாதேங்கோ."

ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது அரைமணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. கையில் பெட்டி நிறையப் பழம். ஆனால் ஒருவருக்குக் கொடுக்கப்போகும் பொருளில் இன்னொருதரம் கைவைக்க அவனுக்குக் கூசியது. பெட்டியை நீட்டி, "வழியில சாப்பிடு" என்றான்.

ஷாரோன் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "அவ்வளவுதானா லா?" என்றாள், சொந்த ஊர்ப் பேச்சு வாடையோடு.

"ம்."

அவள் உள்ளே போய்விட்டாள். ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டுபோக முடியாது என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. குப்பைத்தொட்டி வரை போனாள். தின்கிற பொருளைக் கொட்ட மனம் வரவில்லை. அதிலும் அவன் கொடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, பெட்டி முழுவதையும் தின்று தீர்த்தாள். விமானத்தில் சீட் பெல்ட் மாட்டினாள். க்ளிக் என்ற சத்தம் கேட்டது, பெல்ட் மடியைவிட்டு நழுவியது. பணிப்பெண் இறுக்கினாள், இடம் மாற்றினாள், வேறு பெல்ட் கொண்டுவந்தாள். ஷாரோன் ஒவ்வொரு தடவையும் சீட்டிலிருந்தே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். பெல்ட் நிற்காத பயணியை ஏற்றிப்போக விதியில்லை என்று மிக மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.

திருமாறன் அப்போதும் கண்ணாடிச் சுவரோரம் நின்று, கிளம்பும் ஒரு விமானத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது டோக்கியோ போற பிளேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னை எறக்கிட்டாங்க, மாறா. எதுவும் என்மேல நிக்கமாட்டேங்குது." அதோடு நிறுத்தத்தான் அவள் நினைத்தாள். ஆனால் தின்றது ஒரு பெட்டி. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டேன்" என்பதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

திருமாறன் வாயில் பழம் ஏதும் இல்லை. இருந்தும் "போகாத" என்றான். பிறகு, "எனக்கு நீ வேணும்" என்றான். ஒவ்வொரு சொல்லாக, அவனே இழுத்து வெளியே போட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவனுக்கோ சந்தோஷத்தில் கால் நிற்கவில்லை.

அவள் கையைப் பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி நழுவியது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை, அவன் பிடிப்பதும் அது வழுக்குவதுமாகவே இருந்தார்கள். போகிறவர் வருகிறவர் யாரும் அதை விசேஷமாகப் பார்க்கவில்லை. இருட்டும் நேரத்தில் அவள் கை அவன் கைக்குள் அப்படியே நின்றது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.