வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

லோர்னாவின் மேசைமேல் மறுபடியும் ஒரு பை சோளம் இருந்தது. எம்மெட் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அட்டைப்பெட்டி ஆலைக்கு அவன் புது ஆள், சேர்ந்து இரண்டு வாரம்தான். அங்கே ஆள் சேர்க்கும் வேலை லோர்னாவுடையது; தன்னைச் சேர்த்துவிட்டவள் என்ற நன்றிக்கு வீட்டுத் தோட்டத்துச் சோளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறான்.

அந்த ஆலையில் ஒருவர் எந்த மாதம் சேர்கிறாரோ, அதற்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மருத்துவக் காப்பீடு. எம்மெட் வந்து நின்றது ஆகஸ்ட் முப்பது, வெள்ளிக்கிழமை. அன்றே சேர்த்திருந்தால் செப்டம்பர் ஒன்றில் காப்பீடு வந்திருக்கும்.

ஆனால் அது, அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளி. விஸ்கான்சினில் அன்றைக்குப் பதினொரு மணிக்கு மேல் யாருக்கு வேலையில் மனம் இருக்கும்? வாசலில் லோர்னாவின் தங்கை, படகை வண்டியில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். லோர்னா அவனுக்கு இருபது நிமிடப் பாதுகாப்புப் படத்தை ஓட்டிக் காட்டினாள். பார்த்ததாகக் கையெழுத்து வாங்கினாள். மீதியைச் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"இன்சூரன்ஸ்ல நடுவுல எதுவும் விட்டுப் போயிடாதே?" என்று எம்மெட் கேட்டான். "பழைய கம்பெனி நாளையோட மூடுறாங்க. அவங்க கொடுத்ததும் அதோட முடிஞ்சுது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. போய் லீவைக் கொண்டாடுங்க."

ஒரு மாதம் விட்டுப்போகும் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். கைப்பை ஏற்கெனவே தோளில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் மூன்று, அவன் சேர்ந்த நாளாகப் பதிவானது. காப்பீடு அக்டோபர் ஒன்றுக்குப் போய்விட்டது. "ரூல் அப்படி" என்றாள். அவன் நம்பினான். வெள்ளிக்கிழமைக் கையெழுத்துத் தாளை அவள் இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டாள். அது வெளியே வந்தால் அன்றே ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள்; நேரத்தாளில் ஐந்து மணிவரை வேலை என்று எழுதிவிட்டு அவள் ஏரிக்குப் போனதும் வெளியே வரும்.

மதியம் சாப்பாட்டு அறையில் உடன் வேலை செய்யும் வெர்னா சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் ஒரு கதிர் கிடையாது. லோர்னாவுக்கு மட்டும் மூட்டை மூட்டையா. என்னப்பா மந்திரம் போட்டா?"

"உங்களுக்கும் கொண்டாரேன்" என்றான் எம்மெட். "என் சம்சாரம் கோரின்தான் பறிக்கிறா. வேலை இருந்தா நெனப்பு வராதுங்கறா."

"என்ன நெனப்பு?"

அவன் டப்பாவை மூடினான். "மார்புல ஒரு கட்டி. டாக்டர் உடனே ஊசி வச்சு எடுத்துப் பாக்கணும்னார். இன்சூரன்ஸ் வரட்டும்னு ஒண்ணாந்தேதிக்கு வச்சிருக்கோம். காலைல எட்டு மணிக்கு."

லோர்னா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் ராய்ஸின் அறைக்குப் போனாள். அதை அவர் முன்னால் வைத்தாள்.

"இது முப்பதாந்தேதி போட்டிருக்கே" என்றார் ராய்ஸ்.

"அன்னைக்கே வந்துட்டார். நான் படம் காட்டினேன். அதுவும் வேலை நேரம்தான். அவர் சேர்ந்தது முப்பதாந்தேதி. நான்தான் மூணுன்னு எழுதினேன்."

"ஏன்?"

"நான் கிளம்பணும்னு இருந்தேன்."

"நீ அஞ்சு மணிவரைக்கும்னு எழுதியிருக்க."

"பன்னெண்டுக்கெல்லாம் படகுல இருந்தேன்."

ராய்ஸ் தாளை அவள் பக்கம் தள்ளினார். "சேர்ந்து முப்பது நாளுக்குள்ள இன்சூரன்ஸ் படிவம் போகணும். இன்னும் நாள் இருக்கு. இப்பவே தேதியைத் திருத்தி அனுப்பு. உன் கதையை நாளைக்குப் பேசிக்கலாம்."

அனுப்பிவிட்டு, இயந்திரத்தின் அருகே நின்ற எம்மெட்டைத் தேடிப் போனாள். செப்டம்பர் ஒன்றிலிருந்தே காப்பீடு உண்டு, நாளைக்கே பரிசோதனைக்குப் போகலாம் என்றாள். ஏன் தள்ளிப்போனது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான்.

"ரெண்டு வாரமா அவ தூங்கலை" என்றான். "நீங்க எங்க சோளத்தைத் தின்னுட்டிருந்தீங்க."

அவன் கோரினுக்குப் போன் செய்ய வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை லோர்னாவின் மேசைமேல் எதுவும் இல்லை. முந்தின நாள் பை மட்டும் கீழே, நாற்காலிக் காலோரம், பிரிக்காமல் கிடந்தது. அவளால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை.