சேர்வரில் இல்லாத கல்வெட்டு

லவீனாதான் அழித்திருக்கிறாள். வேறு யார்?

திருநெல்வேலியில் கேதீஸ்வரன் அண்ணையின் அச்சகத்தில் வடிவமைப்பது என் வேலை. அளவெட்டியில் இறந்த ஒருவரின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர், எங்கள் பேச்சில் கல்வெட்டு, சனி காலை அச்சேற வேண்டும். வெள்ளி விடிய ஏழு மணிக்கே வந்து நானே கதவைத் திறந்து, பதினாறு பக்கத்தையும் முடித்து, எல்லோருக்கும் பொதுவான சேர்வரில் ‘வேலை’ என்ற கோப்புறைக்குள் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் கணினிக்கு முன்னால் என் கதிரையில் லவீனா இருந்தாள். கணினிகளைப் பராமரிக்கிற பெண், ஊர் குருநகர். புதிதாகத் திறந்த இன்னோர் அச்சகம் அவளைக் கூப்பிடுகிறது என்று கேள்வி. கோப்புறையைத் திறந்தேன். பழைய வேலைகள் எல்லாம் இருந்தன, கல்வெட்டு மட்டும் இல்லை.

“என்ரை மெசினிலை என்ன செய்தனீர்?”

“சேர்வரோடை சேராமல் நிண்டது அக்கா. திருப்பிப் பொருத்தி மவுண்ட் பண்ணிவிட்டன்.”

“மவுண்ட் பண்ணினீரோ, அழிச்சீரோ?”

சத்தம் கேட்டுக் கேதீஸ்வரன் அண்ணை வந்தார். “பிள்ளை, உண்மையைச் சொல்லும். கல்வெட்டு வராட்டில் நாளையிலை இருந்து நீர் வரத் தேவையில்லை.”

பென்டிரைவில் கோப்பைக் கொண்டுபோகிறாளோ என்று கைப்பையைக் காட்டச் சொன்னேன். மேசையில் கொட்டினாள். சீப்பு, செபமாலை, பஸ் ரிக்கற். பையின் உள்மடிப்பையும் தடவிப் பார்த்தேன். எனக்கு அப்போது வெட்கமே வரவில்லை.

“அக்கா, காலமை நீங்கள் சேமிக்கேக்கை பழைய வேலையள் உதுக்குள்ளை இருந்ததோ?”

காலையில் கோப்புறை வெறுமையாகத்தான் கிடந்தது. அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“இண்டைக்கு வெள்ளி. அண்ணை சேர்வருக்குச் சந்தனம் வைச்சு விளக்கேத்தின பிறகுதானே அதைப் போடுறது? நீங்கள் வரேக்கை அது ஓடாமல் நிண்டிருக்கும்.”

குனிந்து ஒரு வரிக் கட்டளை அடித்தாள். திரையில் இருந்த பழைய வேலைகள் அத்தனையும் மறைந்தன.

“ஐயோ அண்ணை, எல்லாத்தையும் அழிக்கிறாள்!” என்று கத்தினேன்.

வெறுமையான இடத்தில் ஒரே ஒரு கோப்பு நின்றது. என் கல்வெட்டு.

“சேர்வர் இல்லாத நேரம் ‘வேலை’ உங்கடை மெசினிலை இருக்கிற வெறும் ஃபோல்டர். நீங்கள் அதுக்குள்ளை போட்டியள். நான் பிறகு சேர்வரை அதுக்கு மேலை பொருத்த, உங்கடை கோப்பு அடியிலை மறைஞ்சிட்டுது. இப்ப கழட்டினன், தெரியுது. பழைய வேலையள் சேர்வரிலை பத்திரமாய்க் கிடக்கு.”

“அப்ப பிரச்சினை ஒண்டும் இல்லை,” என்று அண்ணை உள்ளே போய்விட்டார்.

“குறை நினையாதையும் லவீனா. கிடைச்சிட்டுதுதானே,” என்றேன்.

அவள் சீப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“கிடைச்சிருக்காட்டி, அக்கா?”

கள்ளி என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். சாகும்வரை அதை நம்பியும் இருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மேசையில் கிடந்த செபமாலையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.