திரைக்கம்பியில் கட்டிய மணிகள்

அந்த வார்டில் அழைப்பு மணி எந்த நோயாளிக்கும் எட்டாது. அழுத்தும் பொத்தானோடு ஒயரைச் சுருட்டி, கட்டிலுக்கு மேலே திரைக்கம்பியில் கட்டிவிடுவார்கள். கேட்டால் தரையைத் துடைக்க இடைஞ்சலாம். யாரையும் கூப்பிட வழியில்லாமல் தானே கழிப்பறைக்குக் கிளம்பிய ஒரு பெரியவர், விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்று பணியில் இருந்தவள் பயிற்சி டாக்டர். அவர் விழுந்த சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

ஆய்வு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள். சிறிய தொகை கிடைத்தது. மணியைத் தலையணையோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளை வாங்கி ஒவ்வொரு கட்டிலிலும் மாட்டினாள். விழுபவர்கள் குறைந்தால் மற்ற வார்டுகளுக்கும் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கே குறைவது? அவள் மாட்டிவிட்டு நகர்ந்ததும் யாரோ மணியை மேலே கட்டிவிடுவார்கள். மறுபடி மாட்டுவாள். மறுபடி கட்டுவார்கள். இத்தனை வருஷம் கண்விழித்துப் படித்தது கிளிப் மாட்டத்தானா என்று வெறுத்துப்போனது.

"மணிய யாரு மேல கட்டுறதுக்கா?" என்று தலைமை நர்ஸைக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் டாக்டர்? நாள் பூரா தண்ணி, தண்ணின்னு பெல் அடிக்கிறாங்க. எங்களுக்கும் ரெண்டு கால்தானே" என்று நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் மூலைக் கட்டிலுக்கு ஒரு வயதான அம்மா வந்தார். வார்டில் எல்லா மணிகளும் மேலே தொங்க, அவருடையது மட்டும் தலையணையில் கிளிப்போடு இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் வேறு.

"எம்பொண்ணுதாம்மா இங்க தலைமை நர்ஸு. எழுந்திரிக்கணும்னா இத அழுத்தச் சொன்னா" என்றார்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமை நர்ஸைக் கையோடு அழைத்து வந்தாள்.

"இந்தக் கட்டிலுக்கு மட்டும் என்னக்கா?"

"அம்மாவுக்குத் தலை சுத்தும் டாக்டர். விழுந்துட்டாங்கன்னா..." சொல்லிக்கொண்டே வந்த நர்ஸ் மேலே தொங்கிய மணிகளைப் பார்த்தார்.

நன்றாகத் திட்டத்தான் டாக்டர் வாயைத் திறந்தாள். பாட்டில் கண்ணில் பட்டது. "அம்மா தண்ணிக்கு பெல் அடிக்கிறாங்களா?"

"பக்கத்துலயே இருக்கே, எதுக்கு அடிக்கணும்?"

"மிச்சப் பணத்துல எல்லாருக்கும் பாட்டில் வாங்கிடறேன். முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பக்கத்துக் கட்டிலின் முடிச்சோடு மல்லுக்கட்டினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"எவ இப்படி இறுக்கிக் கட்டினாளோ" என்று முணுமுணுத்தார்.

ஸ்டூல் ஆடியது. டாக்டர் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் விழுந்து வைக்காதீங்கக்கா. அதையும் நான்தான் விழுந்தவங்க கணக்குல சேக்கணும்."